ஓய்வுக்குப் பிறகும் திறக்காத கணக்கு: கனடாவின் பூட்டப்பட்ட ஓய்வூதியச் சேமிப்பும் முதியோரின் கோரிக்கையும்

கனடாவில் ஒரு நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தவர் ஓய்வு வயதுக்கு முன்பே வேலையை விட்டால், அவருக்குச் சேர வேண்டிய தொகை பொதுவாகக் கைக்கு வருவதில்லை. அதைப் பழைய திட்டத்திலேயே விட்டுவைக்கலாம். புதிய நிறுவனத்தின் திட்டம் ஏற்றுக்கொண்டால் அங்கே மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் இல்லையென்றால், வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ அவர் பெயரில் தொடங்கப்படும் தனிக் கணக்குக்கு அது போய்ச் சேரும். 'லீரா' எனப்படும் அந்தக் கணக்கில் உள்ள பணம் அவருடையது. எதில் முதலீடு செய்வது என்று முடிவெடுப்பவர் அவர். சந்தை சரிந்தால் நட்டமும் அவருக்கே. எடுத்துச் செலவழிக்கும் உரிமை மட்டும் அவரிடம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த உரிமை முழுதாக வந்துவிடுவதில்லை. ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சட்டம் உச்சவரம்பு விதிக்கிறது.

இந்த வரம்பை நீக்கக் கோரி ஓய்வு பெற்றோர் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். மனுக்களும், சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதங்களும், முதியோர் அமைப்புகளின் கோரிக்கைகளும் சில மாகாணங்களில் பலன் தந்திருக்கின்றன. சஸ்காச்சுவான் 2002-இலும், மானிட்டோபா 2021-இலும், கியூபெக் 2025-இலும் ஓய்வு வயதினருக்கு முழு உரிமை வழங்கின. ஒன்டாரியோவும் கூட்டாட்சி அரசும் பாதி வழியில் நிற்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியா பொதுவான திறப்பு எதற்கும் இடம் தரவில்லை.

இந்த வாதப் பிரதிவாதங்களில் தன்மையால் வேறுபட்ட இரண்டு பூட்டுகள் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஒன்று, உழைக்கும் காலத்தில் சேமிப்பைக் கரைக்காமல் காக்கும் பூட்டு. மற்றொன்று, ஓய்வுக்குப் பிறகும் செலவைக் கட்டுப்படுத்தும் பூட்டு. முதலாவதற்குச் சொல்லப்படும் நியாயங்களில் பெரும்பாலானவை இரண்டாவதற்குப் பொருந்துவதில்லை. முதியோர் கோரிக்கையின் வலு இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

பூட்டு வந்த வரலாறு

ஓய்வூதியத் திட்டங்களுக்குக் கனடாவில் முதலில் தரநிலை வகுத்தது ஒன்டாரியோ. அதன் ஓய்வூதியப் பயன்கள் சட்டம் 1965-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வேலையை விட்டவர்கள் பெரும்பாலும் தாங்கள் செலுத்திய பங்கை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டு போனார்கள். நிறுவனம் செலுத்திய பங்கு அவர்களுக்குக் கிடைக்காது. இருபது ஆண்டு உழைத்தவர்கூட ஓய்வூதியம் இல்லாமல் முதுமையை அடையும் நிலை இருந்தது. புதிய சட்டம், 45 வயதைக் கடந்து 10 ஆண்டு பணியாற்றியவருக்கு நிறுவனப் பங்கின்மீதும் உரிமை தந்தது. அதற்கு ஈடாக, அந்தத் தொகை ஓய்வூதியமாக மட்டுமே வெளிவர வேண்டும் என்று விதித்தது. உரிமையும் பூட்டும் ஒரே சட்டத்தில் சேர்ந்து பிறந்தன. அடுத்த சில ஆண்டுகளில் கூட்டாட்சி அரசும் வேறு சில மாகாணங்களும் இதே வழியில் சட்டம் இயற்றின.

1980-களின் பிற்பகுதியில் இரண்டாவது சீர்திருத்த அலை வந்தது. 45 வயது, 10 ஆண்டு என்ற நிபந்தனை, இரண்டு ஆண்டு உறுப்பினராக இருந்தால் போதும் என்று தளர்ந்தது. கூட்டாட்சிச் சட்டம் 1987-இலும் ஒன்டாரியோவின் புதிய சட்டம் 1988-இலும் நடைமுறைக்கு வந்தன. வேலை மாறுபவர் தன் ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பைத் தனிக் கணக்குக்கு எடுத்துச் செல்லும் உரிமையும் கிடைத்தது. தொழிலாளிக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் பூட்டின் எல்லையும் இதனால் விரிந்தது. முன்பு நீண்ட காலம் பணியாற்றிய நடுவயதினரை மட்டும் தொட்ட விதி, சில ஆண்டுகளே ஓரிடத்தில் வேலை பார்த்த இளையவர்களின் சேமிப்பையும் பிடித்துக்கொண்டது. வேலை நிரந்தரமற்றதாகி, நிறுவனங்கள் மூடுவதும் கைமாறுவதும் வழக்கமான காலத்தில், பூட்டிய கணக்கு வைத்திருப்போரின் எண்ணிக்கையும் பெருகியது.

தொடக்கத்தில் அந்தக் கணக்கிலிருந்து வெளியே வர ஒரே வழிதான் இருந்தது: காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தத் தொகையையும் கொடுத்து, ஆயுள் முழுதும் மாதந்தோறும் ஒரு தொகை தரும் ஆண்டுத்தொகைத் திட்டத்தை வாங்குவது. ஒருமுறை வாங்கினால் திருப்ப முடியாது. வாங்கும் நாளில் வட்டி எவ்வளவு இருக்கிறதோ அதுவே வாழ்நாள் வருமானத்தைத் தீர்மானிக்கும். 1990-களின் தொடக்கத்தில் இதற்கு மாற்றாக 'லிஃப்' எனப்படும் வாழ்நாள் வருமான நிதி வந்தது. பணத்தைத் தானே முதலீடு செய்துகொண்டு, ஆண்டுதோறும் ஒரு குறைந்த அளவுக்கும் ஒரு கூடிய அளவுக்கும் இடையே எடுத்துக்கொள்ள அது அனுமதித்தது. 80 வயதில் மீதியைக் கொண்டு கட்டாயமாக ஆண்டுத்தொகை வாங்க வேண்டும் என்ற நிபந்தனை முதலில் இருந்தது. பிற்பாடு பெரும்பாலான இடங்களில் அது கைவிடப்பட்டது.

வரம்பு கணக்கிடப்படும் விதம்

கனடாவில் தனிநபர் ஓய்வுச் சேமிப்புக்கு 1957 முதல் ஆர்ஆர்எஸ்பி என்ற பதிவுபெற்ற திட்டம் இருக்கிறது. அதில் போடும் பணத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. எடுக்கும்போது வரி கட்ட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். 71 வயதை எட்டும் ஆண்டின் இறுதிக்குள் அதை 'ரிஃப்' எனப்படும் வருமான நிதியாக மாற்றலாம். ரிஃப் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கட்டாயம் எடுக்க வேண்டும், உச்சவரம்பு கிடையாது. லீராவுக்கும் லிஃப்புக்கும் வரி விதிகள் ஏறத்தாழ இவையேதான். உச்சவரம்பு ஒன்றுதான் பெரிய வேறுபாடு.

லிஃப் கணக்கின் உச்சவரம்பு, மீதித் தொகையைக் கணக்குதாரரின் 90 வயது வரை சம பங்குகளாகப் பிரித்துக் கொடுத்தால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கில் அமைந்தது. ஒன்டாரியோவிலும் வேறு பல இடங்களிலும் முதல் 15 ஆண்டுகளுக்கு வட்டி விகிதம் 6 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 6 சதவீதத்தில் கணக்கிட்டால் 55 வயதில் மீதியில் 6.51 சதவீதமும், 65 வயதில் 7.38 சதவீதமும், 75 வயதில் 9.71 சதவீதமும், 85 வயதில் 22.40 சதவீதமும் எடுக்கலாம். 89 வயதில் முழுவதையும் எடுக்கலாம்.

65 வயதான ஒருவரின் லிஃப் கணக்கில் 2,00,000 டாலர் இருப்பதாகக் கொள்வோம். அவர் அந்த ஆண்டில் எடுத்தே தீர வேண்டிய குறைந்த அளவு மீதியில் 25-இல் ஒரு பங்கு, அதாவது 8,000 டாலர். எடுக்கக்கூடிய கூடிய அளவு 14,760 டாலர். முந்தைய ஆண்டின் முதலீட்டு வருவாய் இதைவிட அதிகமாக இருந்தால் அந்த அளவு வரை எடுக்க ஒன்டாரியோ அனுமதிக்கிறது. கூரை ஒழுகினாலும், பல் சிகிச்சைக்குப் பெருந்தொகை தேவைப்பட்டாலும், அதிக வட்டிக் கடனை அடைத்துவிட நினைத்தாலும், சில விதிவிலக்குகளைத் தவிர இந்த எல்லையைத் தாண்ட முடியாது. இதே 2,00,000 டாலர் ரிஃப் கணக்கில் இருந்தால் தேவையான தொகையை அன்றே எடுத்துவிடலாம்.

இந்தச் சூத்திரம் ஆயுள் முழுதுக்கும் வருமானம் உண்டு என்ற உறுதியைத் தருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் உச்சவரம்பு வரை எடுத்து வருபவரின் கணக்கு 90 வயதோடு காலியாகிவிடும். அதற்கு மேல் வாழ்ந்தால் அந்தக் கணக்கிலிருந்து ஒரு காசும் வராது. முதலீடு மோசமாகப் போனால் அதற்கு முன்பே வருமானம் சுருங்கும். ஆயுள் ஆண்டுத்தொகை தரும் உறுதி லிஃப் கணக்கில் இல்லை. ரிஃப் கணக்கு தரும் சுதந்திரமும் இல்லை.

விதிவிலக்குகளும் அவற்றின் குறைகளும்

பூட்டைத் தளர்த்தச் சில வழிகளைச் சட்டங்கள் தொடக்கத்திலிருந்தோ பிற்காலத்திலோ ஏற்படுத்தின. சிறு தொகைகளுக்கான விலக்கு அவற்றில் ஒன்று. ஒன்டாரியோவில் 55 வயதைக் கடந்தவரின் பூட்டிய கணக்குகள் அனைத்தையும் கூட்டினாலும், கனடா ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் அறிவிக்கப்படும் ஆண்டு ஊதிய உச்சத்தில் 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் முழுதும் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஊதிய உச்சம் 2025-இல் 71,300 டாலர். எனவே அந்த ஆண்டில் விலக்கின் எல்லை 28,520 டாலர். அந்த எல்லைக்குச் சற்றே மேலிருப்பவருக்கு இந்த விலக்கு கிடையாது.

ஆயுள் குறைந்தவர்களுக்கான விலக்கு மற்றொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழும் வாய்ப்பு இல்லை என்று மருத்துவர் சான்று தந்தால் ஒன்டாரியோவில் கணக்கு திறக்கும். நான்கைந்து ஆண்டுகளில் உடல் தளர்ந்துவிடும் என்று தெரிந்த நோயாளிக்கு, நடமாட்டம் இருக்கும் காலத்திலேயே அந்தப் பணத்தைப் பயன்படுத்த இது உதவாது.

பண நெருக்கடிக்கான விலக்கை ஒன்டாரியோ 2000-ஆம் ஆண்டு மே மாதம் கொண்டுவந்தது. வாடகை பாக்கியால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் நிலை, வீட்டுக் கடன் தவணை தவறியது, மருத்துவச் செலவு, மிகக் குறைந்த வருமானம் முதலிய காரணங்களைக் காட்டி விண்ணப்பிக்கலாம். 2014 வரை இந்த விண்ணப்பங்களை அரசின் ஒழுங்குமுறை ஆணையம் பரிசீலித்தது. அதன்பின் கணக்கு வைத்திருக்கும் நிதி நிறுவனத்திடமே விண்ணப்பிக்கும் முறை வந்தது. இந்த வழியில் பணம் பெற விரும்பும் முதியவர், முதலில் நெருக்கடிக்குள் விழுந்து, பிறகு அதை ஆவணங்களால் நிறுவ வேண்டும். நெருக்கடியைத் தவிர்க்கத் தன் பணத்தைப் பயன்படுத்த அவருக்கு வழியில்லை.

நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போனவர்களுக்கும் விலக்கு உண்டு. கனடாவை விட்டு இரண்டு ஆண்டு ஆனபின், அங்கே வசிப்பவர் அல்லர் என்ற வருவாய்த் துறையின் சான்றோடு முழுத் தொகையையும் எடுக்கலாம். பொதுவாக 25 சதவீத வரி பிடித்தம் உண்டு. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து சென்று டொராண்டோ பகுதியில் குடியேறி, அங்கே உழைத்த தமிழர்களின் முதல் தலைமுறை இப்போது ஓய்வு வயதில் இருக்கிறது. அவர்களில் இறுதிக் காலத்தை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ கழிக்க எண்ணுவோருக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தும். கனடாவிலேயே தங்குபவருக்கு உச்சவரம்பு நீடிக்கிறது. வெளியேறியவருக்கு முழுப் பணமும் கிடைக்கிறது. முதுமையில் பணம் தீர்ந்துவிடும் என்ற அக்கறையே பூட்டின் அடிப்படை என்றால், இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் சொல்வது கடினம்.

ஓய்வு பெற்றோர் முன்வைக்கும் நியாயங்கள்

சம நீதி கோருவோரின் முதல் வாதம் இது: ஒரே அளவு சம்பளம் வாங்கிய இருவரில், ஒருவரது நிறுவனம் ஓய்வூதியத் திட்டம் நடத்தியது, மற்றவரது நிறுவனம் குழு ஆர்ஆர்எஸ்பி நடத்தியது. இருவருக்கும் வரிச் சலுகை ஒன்றுதான். முதுமையில் ஒருவர் தன் பணத்தை முழுதாக எடுக்கலாம். மற்றவர் எடுக்க முடியாது. இந்த வேறுபாட்டை உருவாக்கியது அவர்கள் இருவரின் செயலும் அல்ல. வேலை கொடுத்தவரின் நிர்வாக முடிவு. வரிச் சலுகைக்கு ஈடாகவே பூட்டு என்ற விளக்கம், அதே சலுகை பெறும் ஆர்ஆர்எஸ்பிக்குப் பூட்டு இல்லாததால் நிற்பதில்லை.

இரண்டாவது வாதம் உடைமை பற்றியது. நிறுவனம் செலுத்திய பங்கு தானமாக வந்ததல்ல. பிற்காலத்தில் தருவதாக ஒத்திவைக்கப்பட்ட ஊதியம் என்ற கருத்து ஓய்வூதியச் சட்டத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. ஊழியர் தம் சம்பளத்திலிருந்து செலுத்திய பங்கும் அதே கணக்கில் பூட்டப்பட்டிருக்கிறது. கணக்குதாரர் இறந்தால் ஒன்டாரியோவில் மீதித் தொகை வாழ்க்கைத் துணைக்கோ வாரிசுக்கோ மொத்தமாகக் கிடைக்கும். உழைத்துச் சேர்த்தவருக்கு இல்லாத உரிமை அவர் இறந்ததும் மற்றவருக்குக் கிடைக்கிறது என்பது போராடுவோரை ஆழமாகப் புண்படுத்தும் செய்தி.

மூன்றாவது வாதம் சட்டம் இயற்றுவோரின் நடத்தை பற்றியது. ஒன்டாரியோ சட்டமன்ற உறுப்பினர்களின் பழைய ஓய்வூதியத் திட்டம் 1990-களின் நடுவில் முடித்துவைக்கப்பட்டது. அதிலிருந்து வந்த பூட்டிய தொகையை அவர்கள் எடுத்துக்கொள்ள வழிசெய்த 1999-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை ஓய்வு பெற்றோர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்கள். உறுப்பினர்களுக்கு நியாயமானது தொழிலாளிக்கும் ஆசிரியருக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்பதே அவர்களது வாதம்.

நான்காவது வாதம் செலவின் இயல்பைப் பற்றியது. ஓய்வுக் காலச் செலவு ஆண்டுக்கு ஆண்டு சமமாக வருவதில்லை. உடல்நலம் இருக்கும் முதல் பத்தாண்டில் பயணம், வீட்டைச் சீரமைத்தல், பிள்ளைகளுக்கு உதவி என்று செலவு கூடும், பிறகு குறையும், இறுதியில் பராமரிப்புச் செலவாக மீண்டும் ஏறும். சூத்திரமோ 65 வயதில் 7.38 சதவீதமும் 85 வயதில் 22.40 சதவீதமும் வரையே எடுக்க அனுமதிக்கிறது.

கணக்கைப் பூட்டியதால் விளைந்த ஒரு தீமையையும் இங்கே சேர்க்க வேண்டும். பூட்டிய பணத்தைக் கடனாக விடுவித்துத் தருகிறோம் என்று நாளிதழ்களில் சிறு விளம்பரம் செய்த தரகர்கள், மக்களின் சேமிப்பை மதிப்பற்ற நிறுவனப் பங்குகளில் போடவைத்து, அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் ரொக்கமாகக் கொடுத்து ஏமாற்றினார்கள். ஒன்டாரியோவின் ஒழுங்குமுறை அமைப்புகள் இதைப் பற்றி எச்சரிக்கைகள் வெளியிட்டன. நேர்வழி இருந்திருந்தால் இந்த வியாபாரத்துக்கு வாடிக்கையாளர்களே கிடைத்திருக்க மாட்டார்கள்.

மாகாணங்கள் சென்ற வழிகள்

கனடாவில் தனியார் துறை ஓய்வூதியம் பெரும்பாலும் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. வங்கி, ரயில், விமானம், தொலைத்தொடர்பு போன்ற துறைகளின் திட்டங்கள் மட்டும் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பூட்டிய கணக்கைக் கட்டுப்படுத்துவது, கணக்குதாரர் இன்று வசிக்கும் மாகாணத்தின் சட்டமல்ல. பணம் ஈட்டப்பட்ட வேலைக்குப் பொருந்திய சட்டம். அதனால்தான் ஒரே கோரிக்கை பல அரசுகளிடம் தனித்தனியாகப் போக வேண்டியிருந்தது.

முதலில் திறந்தது சஸ்காச்சுவான். 2002 ஏப்ரல் முதல் 55 வயதை எட்டியவர், அல்லது தன் திட்டத்தின்படி அதற்கு முன்பே ஓய்வு பெறத் தகுதி பெற்றவர், முழுத் தொகையையும் தனி வகை ரிஃப் கணக்குக்கு மாற்றலாம். அதற்கு உச்சவரம்பு இல்லை. வாழ்க்கைத் துணையின் எழுத்துமூலமான சம்மதம் தேவை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மாகாணம் இந்த விதியைத் திரும்பப் பெறவில்லை.

ஆல்பர்ட்டா 2006-இல், 50 வயதைக் கடந்தவர் பாதித் தொகையை விடுவிக்க இடம் கொடுத்தது. ஒன்டாரியோ 2008-இல் புதிய வகை லிஃப் கணக்கை ஏற்படுத்தி, அதற்கு மாற்றும் தொகையில் கால் பங்கை எடுக்கலாம் என்றது; 2010 முதல் அதைப் பாதியாக உயர்த்தியது. பணம் லிஃப் கணக்குக்கு வந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கெடு தவறினால் அந்தத் தொகைக்கான வாய்ப்பு போய்விடும். நிதி ஆலோசகர் இல்லாத எளிய கணக்குதாரர்களே இந்தக் கெடுவைத் தவறவிடும் அபாயத்தில் அதிகம் இருக்கிறார்கள். கூட்டாட்சி அரசும் 2008-இல் 55 வயதைக் கடந்தவர் ஒருமுறை பாதித் தொகையை விடுவிக்க வழிசெய்தது. நியூ பிரன்சுவிக் கால் பங்கைத் தாண்டாமல் ஒருமுறை எடுக்க அனுமதிக்கிறது. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஓய்வூதியத் தரநிலைச் சட்டம் நடைமுறையில் இல்லாததால், அந்த மாகாணச் சட்டம் விதிக்கும் பூட்டும் இல்லை.

மானிட்டோபா முதலில் ஒருமுறை பாதி என்ற ஏற்பாட்டை வைத்திருந்தது. 2021 அக்டோபர் முதல் 65 வயதை எட்டியவர்கள் முழுத் தொகையையும் எடுக்கலாம் என்று சட்டம் திருத்தியது. கியூபெக் வேறு வழியைத் தேர்ந்தது. 2025 ஜனவரி முதல் 55 வயதைக் கடந்தவர்களுக்கு லிஃப் கணக்கின் உச்சவரம்பையே நீக்கிவிட்டது. கணக்கின் பெயரும் வடிவமும் அப்படியே இருக்க, எவ்வளவு எடுப்பது என்ற முடிவு மட்டும் உரியவரிடம் வந்து சேர்ந்தது.

இதன் விளைவாக, வின்னிபெக் நகரின் ஒரே தெருவில் வாழும் இருவரில், மாகாணச் சட்டத்துக்கு உட்பட்ட ஆலையில் வேலை பார்த்தவர் 65 வயதில் முழுப் பணத்தையும் எடுக்கிறார்; ரயில்வேயில் வேலை பார்த்தவருக்குப் பாதிதான் விடுபடுகிறது. இருவரின் வயது, தேவை, செலவு எல்லாம் ஒன்றாக இருக்கலாம். வேறுபடுவது அவர்கள் உழைத்த துறைக்குப் பொருந்திய சட்டம் மட்டுமே.

எதிர்ப்போரின் கவலைகள்

பூட்டைத் தொடர வேண்டும் என்போரின் கவலைகளை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஓய்வூதியத் திட்டத்தின் நோக்கமே மாதந்தோறும் நிலையான வருமானம் தருவது. மொத்தமாக எடுத்தால் அது வெறும் சேமிப்புக் கணக்காகிவிடும் என்பது முதல் கவலை. மனிதர்கள் தங்கள் ஆயுளைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள், சந்தை ஏறும்போது துணிகிறார்கள், இறங்கும்போது அஞ்சுகிறார்கள், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்குகிறார்கள் என்பது இரண்டாவது. பணம் கரைந்தவர் வருமான உதவிக்காக அரசை நாடினால் சுமை எல்லோர்மீதும் விழும் என்பது மூன்றாவது.

இவற்றில் கனமானது வாழ்க்கைத் துணை பற்றிய நான்காவது கவலை. ஓய்வூதியச் சட்டங்கள், உறுப்பினர் இறந்தபின் துணைக்கு ஓய்வூதியத்தில் குறைந்தது 60 சதவீதம் தொடர வேண்டும் என்று பொதுவாக வற்புறுத்துகின்றன. வீட்டிலும் பிள்ளை வளர்ப்பிலும் வாழ்நாளைச் செலவிட்ட பெண்ணுக்கு இதுவே முதுமைக்கான ஆதாரமாக இருக்கும். கணவர் ஒருதலையாகப் பணத்தை எடுத்துவிட்டால் அந்த ஆதாரம் போய்விடும். சஸ்காச்சுவான் துணையின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கட்டாயமாக்கியதன் காரணம் இதுதான். எந்த மாகாணம் திறந்தாலும் இந்த நிபந்தனையை விட்டுவிடக் கூடாது.

மற்ற மூன்று கவலைகளும் உழைக்கும் காலத்துக்குச் சரியாகப் பொருந்துபவை. 35 வயதில் வேலை மாறும் ஒருவர் கையில் தொகையைக் கொடுத்தால் காருக்கோ கடனுக்கோ போய்விடும் வாய்ப்பு உண்டு. முப்பது ஆண்டு வளர்ச்சி பறிபோகும். போராடும் முதியோரில் பெரும்பாலோர் அந்த வயதில் பூட்டு கூடாது என்று கேட்கவில்லை. அவர்கள் கேட்பது 55, 60, 65 வயதுக்குப் பிறகான உரிமை. அந்த வயதில் வளர்ச்சிக்கான காலம் முடிந்து செலவிடும் காலம் தொடங்கிவிட்டது. ஆயுளுக்கும் வருமானம் வேண்டும் என்ற நோக்கத்தையோ லிஃப் சூத்திரமே 90 வயதோடு கைவிட்டுவிடுகிறது.

பிரிட்டன் தரும் சான்று

பூட்டைத் திறந்தால் முதியோர் பணத்தை வீணாக்குவார்களா என்ற கேள்விக்குப் பெரிய அளவில் விடை தேட உதவும் நாடு பிரிட்டன். அங்கே 2014 நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்த மாற்றம் 2015 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. பங்களிப்பு அடிப்படையிலான ஓய்வூதியச் சேமிப்பு உள்ளவர்கள் 55 வயதுக்குப் பிறகு விரும்பிய அளவு எடுக்கலாம் என்பது அதன் சாரம்.

பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் 2017 ஜூலையில் வெளியிட்ட இடைக்கால அறிக்கை, கைவைக்கப்பட்ட சேமிப்புகளில் 53 சதவீதம் முழுதாக எடுக்கப்பட்டதைக் காட்டியது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் எதிர்ப்போரின் அச்சம் உண்மையாகிவிட்டதாகத் தோன்றும். அதே அறிக்கையின் மற்ற எண்கள் வேறு பொருள் தருகின்றன. முழுதாக எடுக்கப்பட்டவற்றில் 90 சதவீதம் 30,000 பவுண்டுக்குக் குறைவான சிறு தொகைகள். முழுதாக எடுத்தவர்களில் 94 சதவீதத்தினருக்கு அரசு ஓய்வூதியத்தைத் தவிர வேறு வருமானமும் இருந்தது. முழுதாக எடுக்கப்பட்ட தொகைகளில் பாதிக்கும் சற்று மேல் செலவாகவில்லை. வேறு சேமிப்புக்கோ முதலீட்டுக்கோ மாற்றப்பட்டது.

ஆணையம் வேறொரு பலவீனத்தையும் கண்டது. பலர் வரி விதிகளையும் கட்டணங்களையும் ஒப்பிடாமல், ஆலோசனை பெறாமல் முடிவெடுத்தார்கள். ஆகவே பிரிட்டன் சொல்லும் பாடத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. உரிமை கிடைத்த முதியோர் பெரும்பாலும் பொறுப்போடு நடந்துகொள்கிறார்கள். அதே வேளையில், உரிமையோடு தெளிவான தகவலும் தரப்படாவிட்டால் அவர்கள் தேவையில்லாத இழப்பை அடைகிறார்கள்.

எடுப்பதில் உள்ள இழப்புகள்

கனடாவில் பூட்டு திறந்தாலும் பணத்தை ஒரே ஆண்டில் எடுப்பது பலருக்கு நன்மை தராது. முதலில் வருமான வரி. கியூபெக்குக்கு வெளியே ஒரே தவணையில் 15,000 டாலருக்கு மேல் எடுத்தால் 30 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படும். ஆண்டிறுதிக் கணக்கில் வரி அதற்கு மேலும் போகலாம். எடுக்காமல் ரிஃப் கணக்குக்கு மாற்றினால் அப்போதைக்கு வரி இல்லை. அனுபவமுள்ள ஆலோசகர்கள் முழுத் தொகையையும் ரிஃப்புக்கு மாற்றிவைத்து, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது முதியோர் உதவித்தொகைகள். முதுமைப் பாதுகாப்பு உதவித்தொகை பெறுபவரின் ஆண்டு வருமானம் 2025-இல் 93,454 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 15 சதவீதம் திரும்பப் பிடிக்கப்படும். குறைந்த வருமானத்தினருக்கான உறுதிசெய்யப்பட்ட துணைத்தொகை, பிற வருமானம் ஒரு டாலர் கூடினால் பொதுவாக ஐம்பது காசு குறையும். ஏழை முதியவர் ஒரு பெரிய தொகையை ஒரே ஆண்டில் எடுத்தால், அதன் பிறகு வழங்கப்படும் துணைத்தொகையை இழக்க நேரிடும். கோரிக்கைக்காகக் குரல் கொடுப்போர் இந்த இழப்பையும் மக்களிடம் வெளிப்படையாகச் சொல்வது அவர்களது கடமை.

மூன்றாவது, கடன்காரர்களிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பு. பூட்டிய ஓய்வூதியப் பணத்தைச் சட்டம் பொதுவாகப் பறிமுதலிலிருந்து காக்கிறது. திவால் சட்டத்தில் 2008-இல் வந்த திருத்தம் ஆர்ஆர்எஸ்பி, ரிஃப் கணக்குகளுக்கும் கடைசி 12 மாதப் பங்களிப்பைத் தவிர்த்துப் பாதுகாப்பு தந்தது. திவாலாகாத நிலையில் கடன்காரர் தொடரும் வழக்குகளில் பாதுகாப்பின் அளவு மாகாணத்துக்கு மாகாணம் மாறும். சாதாரண வங்கிக் கணக்குக்கு வந்துவிட்ட பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

நியாயமான தீர்வின் கூறுகள்

இதுவரை திறந்த மாகாணங்களின் அனுபவத்தையும் எதிர்ப்போரின் கவலைகளையும் சேர்த்துப் பார்த்தால், நியாயமான சட்டத்துக்கு வேண்டியவை தெளிவாகின்றன. உழைக்கும் காலத்தில் பூட்டு தொடரலாம். அது தொழிலாளியின் எதிர்காலத்தைக் காக்கிறது. ஓய்வு வயதில், 65-க்கு மேற்படாத ஒரு வயதை எல்லையாக வைத்து, உச்சவரம்பை முழுதாக நீக்க வேண்டும். 60 நாள் கெடு போன்ற பொறிகள் இருக்கக் கூடாது. வாழ்க்கைத் துணையின் சம்மதம் எழுத்தில், அதன் விளைவைத் தெளிவாக விளக்கிய பின் பெறப்பட வேண்டும். பணத்தை எடுக்கும் முன், வரி எவ்வளவு, உதவித்தொகை எவ்வளவு குறையும் என்ற கணக்கை அந்தக் கணக்குதாரரின் எண்களோடு இலவசமாகப் போட்டுக் காட்டும் பொறுப்பை அரசோ நிதி நிறுவனமோ ஏற்க வேண்டும். கூட்டாட்சி அரசும் மாகாணங்களும் ஒரே விதிக்கு வந்தால், வேலை பார்த்த துறையை வைத்து முதியவர்களின் உரிமை வேறுபடும் அநீதி நீங்கும்.

வரம்பு நீங்கினால் யாரும் பணத்தை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வரப்போவதில்லை. ஆயுள் ஆண்டுத்தொகையை விரும்புவோர் அதையே வாங்கலாம். சிறிது சிறிதாக எடுப்போர் அப்படியே தொடரலாம். மாறுவது முடிவெடுப்பவர் யார் என்பது ஒன்றே. நாற்பது ஆண்டு உழைத்து, குடும்பத்தைத் தாங்கி, கடன்களை அடைத்து, வரி செலுத்தி வாழ்ந்த ஒருவரைத் தன் சேமிப்பை ஆளத் தகுதியற்றவராக நடத்தச் சட்டத்துக்கு வலுவான காரணம் வேண்டும். 65 வயதைக் கடந்தவருக்கு எதிராக அத்தகைய காரணத்தை ஒன்டாரியோவும் கூட்டாட்சி அரசும் இதுவரை காட்டவில்லை. சஸ்காச்சுவான், மானிட்டோபா, கியூபெக் ஆகிய மூன்றும் அப்படி ஒரு காரணம் இல்லை என்று தங்கள் சட்டங்களால் சொல்லிவிட்டன. மீதமுள்ள அரசுகள் அதே வழியில் செல்ல வேண்டும் என்பதே ஓய்வு பெற்றோரின் கோரிக்கை, அது நியாயமானது.